ஸ்போர் உண்மையிலேயே தூங்குகிறதா?

பூஞ்சைகளைப் பற்றிப் படிக்கும்போது, 'ஸ்போர் என்பது செயலற்ற உறக்க நிலை' என்று மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. 'செயலற்ற' என்ற அந்தச் சொல்லை இனி எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், சரியா என்று நீங்களே பாருங்கள்.

அச்சொல்லைக் கேட்டதும் பூட்டிய பெட்டி ஒன்று மனத்தில் தோன்றுகிறது. நியூரோஸ்போராவைப் பார்த்தால் அது சரி என்றே தோன்றும். ஜீன்களுக்கும் என்சைம்களுக்கும் உள்ள தொடர்பை 1941-இல் பீடிலும் டாட்டமும் கண்டறிய உதவிய பூஞ்சை இது. இதன் ஆஸ்கோஸ்போர்கள் நீரும் உணவும் கிடைத்தாலும் எளிதில் முளைப்பதில்லை. சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரைமணி நேரம் வைத்தால் விழித்துக்கொள்கின்றன. தீ ஓய்ந்தபின் கருகிய செடிகளின் மேல் இது ஆரஞ்சு நிறத்தில் படர்வதன் இரகசியம் இதுதான்.

சூடுதான் சாவி, சரி. பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஜீன் வேலை செய்வதென்றால், முதலில் அதன் செய்தி தூது ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எடுக்கப்படுகிறது. அந்த நகலைக் கொண்டு ரிபோசோம்கள் புரதத்தைக் கட்டுகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் கொனிடியம் என்னும் ஸ்போரில் இத்தகைய நகல்கள் ஏராளமாகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. முழு வளர்ச்சி பெற்ற கொனிடியம்கூட, தாய்ப் பூஞ்சையின் காம்பை விட்டுப் பிரியும்வரை, சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நகல்களை மாற்றிக்கொண்டே இருக்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பின்னர் முளைக்கும் பூஞ்சை மருந்தை எவ்வளவு தாங்கும், எவ்வளவு நஞ்சு சுரக்கும் என்பதையும் இது பாதிக்கிறது! ஆஸ்பர்ஜில்லஸ் ஸ்போர்களை நாம் அன்றாடம் சுவாசிக்கிறோம். உடல் நலிந்தவர்களின் நுரையீரலை அவற்றுள் சில தாக்குகின்றன. ஆகவே இது வெறும் சொல் சண்டை அன்று.

பிரிந்து போனபின் எல்லாம் நின்றுவிடுமே என்பீர்கள். 2020-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் இதற்கு அழகான சோதனை ஒன்றை வெளியிட்டனர். ஈஸ்ட் செல்லில் பச்சையாக ஒளிரும் புரதத்துக்குரிய ஜீனைச் சேர்த்து, அதன் ஸ்போர்களுக்கு உணவே கொடுக்காமல் அந்த ஜீனை மட்டும் தூண்டினார்கள். உறக்கம் கலையாமலேயே ஸ்போர்கள் ஒளிர்ந்தன! ஆனால் நாட்கள், மாதங்கள் செல்லச் செல்ல இத்திறன் குறைந்தது. ஜீனைப் படிக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் போன்ற மூலக்கூறுகள் சிதையும் வேகத்துக்கு ஈடாகப் புதியவை உண்டாகவில்லை. திறன் அடியோடு அற்றபோது ஸ்போர் இறந்தது. பூட்டிய பெட்டிக்கு முதுமை ஏது?

பள்ளி மாணவருக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நான் கேட்பது இரண்டே சொற்கள்: 'செயலற்ற' என்பதற்குப் பதில் 'செயல் குறைந்த'. அடுத்த தேர்வில் அப்படியே எழுதிப் பாருங்கள். சிவப்பு மை விழுந்தால், டெல்ஃப்ட் ஸ்போர்கள் ஒளிர்ந்த கதையை ஆசிரியரிடம் சொல்லுங்கள்.