தன் காலில் நிற்கும் பிள்ளை

யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே, கொழும்பில் உழைத்து யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்தியோர் நம்மவர். காசுக்கட்டளை மாதந்தோறும் வந்தது; தந்தையோ விடுமுறைக்கே வந்தார். ஆயினும் வீட்டில் தாயும் பாட்டன் பாட்டியரும் இருந்தனர். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவதும் ஆட்டிற்குக் குழை ஒடிப்பதும் பிள்ளைகளின் கடமைகளாயிருந்தன.

இன்றோ இருவரும் உத்தியோகம் பார்க்கின்றனர். 60 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிளிநொச்சிக்கு விடியுமுன் பஸ் ஏறும் ஆசிரியைகளை நாம் அறிவோம். அவர்கள் திரும்பும் வேளையில் பிள்ளை ரியூட்டரியில் இருக்கின்றது. இதற்காகத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் தந்தையை ஏன் ஏற்றுவதில்லை? வருமானம் இருவருடையதாயின் பொறுப்பும் இருவருடையதே.

தனியே விடப்பட்ட பிள்ளை வேறு. தன் காலில் நிற்கும் பிள்ளை வேறு. ரியூட்டரிக் கட்டணம் செலுத்தி இரண்டாவதைப் பெற்றுவிட முடியாது. வேலையொன்றை நம்பி ஒப்படைத்து, பிழைத்தாலும் பொறுத்து, மாலையில் அதுபற்றி அன்போடு உசாவும் பெற்றோரே அத்தகைய பிள்ளையை உருவாக்குவர்.

தூர இடங்களில் பணிபுரிவோருக்கு விடுதியும் ஒழுங்கான பஸ் சேவையும் அளிப்பது அரசின் கடமை. அதனை வற்புறுத்திக் கேட்போம். ஆனால் ஞாயிறு காலையில் ரியூட்டரியை நிறுத்தி, பிள்ளையைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்ல எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.