ஒன்றைப் பகிர்வதா, பலவற்றைப் பிணைப்பதா?

கணினி குறைவாகவும் பயன்படுத்துவோர் மிகுதியாகவும் உள்ள இடத்தில் கைக்கொள்ளத்தக்க வழிகள் இரண்டு. ஆற்றல் மிக்க ஒரு கணினியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பது ஒன்று. எளிய கணினிகள் பலவற்றைப் பிணைத்து ஒரே கணினிபோல் இயங்கச் செய்வது மற்றொன்று. முன்னது தின் கிளையன்ட் முறை என்றும் பின்னது கிளஸ்டர் முறை என்றும் வழங்கப்படுகின்றன. கொள்முதல் விவாதங்களில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தப்படுவதுண்டு. ஆனால், இவை விடை கூறும் கேள்விகளே வேறு என்பதை, இருவகைத் தேவையும் எழுந்த தேனி மாவட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் 2019ஐ ஒட்டி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகத் திட்டம் முதல்வழியைத் தேர்ந்தது. இம்முறையில் மாணவர் முன் இருப்பவை திரையும் விசைப்பலகையும் கையடக்கப் பெட்டி ஒன்றும் மட்டுமே. மென்பொருள் இயங்குவதும் கோப்புகள் சேமிக்கப்படுவதும் அறையின் ஓரத்தில் உள்ள சர்வரில்தான். மாணவர் தட்டும் எழுத்து சர்வருக்குச் செல்ல, அதனால் திரையில் நேரும் மாற்றம் மட்டும் கம்பிவழியே திரும்பி வருகிறது. சாதாரண மேசைக் கணினி ஒன்று ஏறத்தாழ 60 முதல் 100 வாட் வரை மின்சாரம் கொள்ளும் நிலையில், இச்சிறு பெட்டிக்கு 10 முதல் 15 வாட் போதும் என்பதால், மின்தடையின்போது யுபிஎஸ் தாங்கும் நேரமும் நீள்கிறது. மென்பொருளைப் புதுப்பிப்பதும் வைரஸை நீக்குவதும் ஒரே இடத்தில் முடிந்துவிடுகின்றன. பழுது பார்ப்பவர் தேனி நகரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டியிருக்கும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்கும் மேகமலைப் பகுதிக்கும் இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

எனினும் இம்முறையின் வரம்புகள் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது காணொளி. 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 25 முறை முழுமையாக மாற்றி வரைய, சுருக்கப்படாத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 630 மெகாபிட் தரவு கம்பியில் ஓட வேண்டும். இருபது பேர் ஒரே நேரத்தில் பாடக் காணொளியைப் பார்த்தால் தேவை 12 ஜிகாபிட்டைக் கடந்துவிடும். காட்சியைச் சுருக்கி அனுப்பினால் கம்பியின் சுமை குறையும். ஆனால் சுருக்கும் வேலை சர்வரின் மேல் ஏறும். இரண்டாவது வரம்பு, அனைத்தும் ஒன்றையே நம்பியிருப்பது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்று நீரை எதிர்நோக்கியிருப்பதைப்போல, ஆய்வகத்தின் எல்லாத் திரைகளும் ஒரு சர்வரை எதிர்நோக்கியிருக்கின்றன. அது நின்றால் வகுப்பே நின்றுவிடும்.

இக்குறைகளுக்கு கிளஸ்டரே மருந்து என்று கருதுவோர், அது எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனிப்பதில்லை. 1994இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சந்தையில் கிடைத்த சாதாரணச் செயலிகள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் பிணைத்து ‘பியோவுல்ஃப்’ கிளஸ்டரை உருவாக்கியபோது, அவர்கள் தேடியது பலருக்கான பொதுக் கணினியை அன்று, பெருங்கணக்கீட்டை மலிவாகச் செய்யும் வழியை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2004ஐ ஒட்டி 144 கணினிகளைக் கொண்டு அமைத்த ‘கப்ரு’ கிளஸ்டரும் துகள் இயற்பியல் கணக்கீட்டுக்காகவே எழுந்தது. வேலையைத் துண்டுகளாகப் பிரிக்க முடிந்தால் மட்டுமே கிளஸ்டர் பயன் தரும். ஒரு மாணவர் திறந்திருக்கும் ஒரு கோப்பு, கணினிகள் நூறாகப் பெருகியதால் மட்டும் விரைவாகத் திறந்துவிடாது.

அவ்வாறு பிரிக்கத்தக்க வேலைக்குத் தேனியிலேயே சான்று உண்டு. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து அமைப்பதென 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, பின்னர் வழக்குகளாலும் தமிழ்நாடு அரசின் எதிர்ப்பாலும் நின்றுபோன நியூட்ரினோ ஆய்வகத்துக்காக 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டப்பட்ட இரும்பு உணர்கருவி திட்டமிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 29,000 உணர்தட்டுகளும் 37 லட்சம் மின்னணுத் தடங்களும் இடம்பெறுவதாக இருந்தது. அக்கருவியில் பதிவாகும் ஒவ்வொரு துகள் நிகழ்வும் பிறவற்றைச் சாராதது என்பதால், ஆயிரம் நிகழ்வுகளை ஆயிரம் செயலிகளுக்குத் தயக்கமின்றிப் பிரித்துக் கொடுக்கலாம். திட்டத்தின் சூழலியல் நியாயம் தனியே ஆராயப்பட வேண்டியது. கணக்கீட்டு முறையைப் பொறுத்தவரை, சிலர் செய்யும் பெருவேலைக்கு கிளஸ்டர் என்பதும் பலர் செய்யும் சிறுவேலைக்கு தின் கிளையன்ட் என்பதும் இங்கு துலங்கும் வேறுபாடு.

இரண்டையும் இணைக்கும் முயற்சி நடக்காமலும் இல்லை. சுமை மிகுந்த கணினியில் இயங்கும் நிரலைப் பயனர் அறியாமலேயே சுமை குறைந்த கணினிக்கு நகர்த்தும் ‘ஓப்பன்மோசிக்ஸ்’ என்னும் மென்பொருள், பலர் பகிரும் அமைப்புக்குப் பொருத்தமான கிளஸ்டராகக் கருதப்பட்டது. ஆனால், ஒரே சில்லில் பல செயலிக் கருக்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதன் தேவை குன்றிவிட்டதாகக் கூறி, அதை உருவாக்கியவர்களே 2008இல் திட்டத்தை முடித்துக்கொண்டனர். இன்றைய நிலை அந்த முடிவை மேலும் உறுதிப்படுத்துகிறது: ஒருவருக்கு 2 ஜிபி நினைவகம் என வைத்தாலும் இருபது மாணவர்களுக்கு 40 ஜிபி போதும், அதை ஒற்றை சர்வரே தாங்கும்.

ஆகவே, பள்ளி ஆய்வகங்களைப் புதுப்பிக்கும்போது கிளஸ்டர் கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: ஒன்று நின்றால் மற்றொன்று பொறுப்பேற்கும் ஏற்பாடு. இரண்டாவது சர்வர் ஒன்றும், மாணவர் கோப்புகளின் நகலை நாள்தோறும் அதில் சேர்க்கும் ஒழுங்கும் அத்தேவையை நிறைவு செய்யும். காணொளியை சர்வர் சுமக்காமல் தானே விரித்துக் காட்டும் திறனுள்ள பெட்டிகளைத் தேர்வது முதல் வரம்பையும் தளர்த்தும். கணக்கீட்டு கிளஸ்டருக்குரிய இடம் போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள். அங்கு வேலையைப் பிரித்துச் செய்யும் நிரலாக்கமே பாடமாக இருக்க முடியும். எத்தனை கணினி என்பதற்கு முன் எத்தனை பேர், என்ன வேலை, பழுதானால் யார் வருவார் என்பவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி விடை தர வேண்டும்; அவ்விடைகள் இன்றி வாங்கப்படும் எந்த அமைப்பும் பயனரின் தேவையை அன்றி விற்பவரின் பட்டியலையே நிறைவு செய்யும்.