பெட்டிக்குள் இருந்த வித்வான்கள்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல், பத்தாம் வகுப்பில் நான் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு மெட்டு மெதுவாகக் கிளம்பிற்று. பையன் வாயைத் திறக்கவில்லை; மூக்காலேயே முனகிக் கொண்டிருந்தான். சினிமாப் பாட்டாக இருந்திருந்தால் காதில் விழாதது போல் இருந்திருப்பேன். இதுவோ நான் எங்கும் கேட்டறியாத, துள்ளித் துள்ளி ஓடுகிற ஒரு மெட்டு.

"என்னடா அது?" என்றேன்.

"மாரியோ, ஸார்."

"யார் அவர்? இத்தாலிய வித்வானா?"

"இத்தாலியர்தான் ஸார். ஆனால் குழாய் ரிப்பேர் செய்கிறவர். பிறந்தது ஜப்பானில்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. வீடியோ விளையாட்டு ஒன்றின் கதாநாயகனைப் பற்றி அவன் சொல்கிறான் என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கிற்று. "விளையாட்டிலே ஏதடா சங்கீதம்?" என்று அதட்டி, மணி அடிக்கும் வரையில் அவனை நிற்க வைத்துவிட்டேன். அதற்குத் தண்டனை எனக்கும் கிடைத்தது. அன்றிரவு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், அந்த மெட்டு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் பையனைத் தனியே கூப்பிட்டு, அதை முழுவதும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அன்று ஆரம்பித்த ஆராய்ச்சியின் பலன்தான் இந்த வாரத்துப் பத்தி. நல்ல கச்சேரி ஒன்றைப் பற்றி எழுத வேண்டிய இடத்தை விளையாட்டுச் சாமானுக்குக் கொடுத்துவிட்டேனே என்று கோபிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

ஆதியில் இந்த விளையாட்டுகளுக்குச் சங்கீதம் என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. காசு போட்டு ஆடும் யந்திரங்கள் 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். 1978-ஆம் வருஷம் ஜப்பானில் டைட்டோ கம்பெனியார் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டில், தாழ்ந்த ஸ்தாயியில் நான்கே ஸ்வரங்கள் ஒன்றின் பின் ஒன்றாக இறங்கி இறங்கி வந்தன. ஆகாயத்திலிருந்து வரும் பகைவர்களைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, மிஞ்சியவர்கள் வேகமாக நகருவார்கள். அந்த நான்கு ஸ்வரங்களும் அவர்களோடு காலப்பிரமாணம் ஏறும். ஆடுகிறவனுடைய நெஞ்சும் கூடவே படபடக்கும். நான்கு ஸ்வரங்களைக் கொண்டு இத்தனை கலவரத்தை உண்டாக்க முடியுமானால், கெட்டிக்காரன் ஒருவன் கையில் நாற்பது ஸ்வரங்கள் கிடைத்தால் என்ன ஆகும்?

அந்தக் கெட்டிக்காரர்களுக்குக் கிடைத்த வாத்தியத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1983-இல் நின்டெண்டோ கம்பெனி 'பாமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சில்லுக்குள் ஐந்து குரல்கள் உண்டு. இரண்டு குரல்கள் சற்றுக் கரகரப்பானவை. மெட்டும் அதற்குத் துணையும் அவற்றின் பொறுப்பு. மூன்றாவது குரல் மிருதுவானது. பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் ஆதாரமாக நிற்கும். நான்காவது வெறும் இரைச்சல். அதைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் தாள வாத்தியம் செய்துகொள்ள வேண்டும். ஐந்தாவது, பதிவு செய்த சிறு ஒலிகளை எழுப்புவது. தொடக்க காலத்து விளையாட்டுகளில் அதை அதிகமாகப் பயன்படுத்தவில்லை. இதுவும் போதாதென்று இன்னொரு தொல்லை: கதாநாயகன் ஒரு குதி குதித்தால், அந்தக் குதிக்கும் சப்தத்துக்கு இந்த ஐந்தில் ஒரு குரலையே கடன் வாங்க வேண்டும். அந்தக் கணத்தில் அந்தக் குரல் பாட்டை விட்டுவிடும். பாடிக் கொண்டிருக்கும் பாகவதரின் பக்கத்திலிருந்து பிடில்காரரை நிமிஷத்துக்குப் பத்துத் தடவை எழுப்பி, வாசலில் யார் என்று பார்த்துவரச் சொன்னால் கச்சேரி எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட கச்சேரியைத்தான் இவர்கள் கெடாமல் நடத்தினார்கள்.

என் மாணவன் முனகிய மெட்டு 1985-இல் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற விளையாட்டைச் சேர்ந்தது. அதை இயற்றியவர் கோஜி கோண்டோ. 1961-இல் நகோயா நகரத்தில் பிறந்தவர். ஒஸாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1984-இல் நின்டெண்டோவில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தவர். அந்த மெட்டை எழுதும்போது அவருக்கு வயது இருபத்து நான்குக்கு மேல் இல்லை. கீர்த்தனத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போகலாம். இந்த மெட்டையோ ஒரு சிறுவன் ஒரே மாலையில் நூறு தடவை கேட்க நேரிடும்; பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டியும் கேட்க நேரிடும். நூறாவது தடவையும் அலுக்காமல் இருக்க வேண்டும் என்பது எந்த ராஜசபையிலும் எந்த வித்வானுக்கும் விதிக்கப்படாத நிபந்தனை. மேலும், ஓடுவதற்கும் தாவுவதற்கும் அது இசைந்திருக்க வேண்டும். நேரம் குறைந்து வரும்போது அதே மெட்டு வேகமாகிக் கையைப் பதறச் செய்கிறது. கதாநாயகன் நீருக்குள் இறங்கியதும் மூன்று மூன்று அடிகளாக, நம்முடைய திச்ரம் போல், அசைந்து மிதக்கும் வேறொரு பாட்டு வருகிறது. இதில் தண்ணீர் என்ற சொல் இல்லை, எந்தச் சொல்லுமே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டால் உடம்பு லேசாகிறது.

கோண்டோவைப் பற்றி இன்னொரு விஷயம். 1986-இல் 'ஸெல்டா' என்ற விளையாட்டின் முகப்புக்கு, பிரெஞ்சு மேதை ராவேலின் 'பொலேரோ'வை எடுத்துக் கொள்வதாக இருந்தது. வேலை முடியும் தறுவாயில், அதன் பதிப்புரிமைக் காலம் இன்னும் தீரவில்லை என்று தெரிய வந்தது. மாற்று ஏற்பாட்டுக்குச் சாவகாசம் இல்லை. ஆகவே விளையாட்டின் வேறோர் இடத்துக்காகத் தாம் முன்பே செய்திருந்த மெட்டை அவர் ஒரே இரவில் விரித்து எழுதி முகப்பில் வைத்தார். இன்று உலகத்துப் பெரிய வாத்திய கோஷ்டிகள் வாசிப்பது அந்த ஒரு இரவின் வேலையைத்தான். சட்டம் சில சமயம் கலைக்கு நல்லதும் செய்கிறது போலும்!

கோண்டோ இளைஞர். கோயிச்சி சுகியாமா இந்தத் துறைக்கு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்து, டெலிவிஷனில் வேலை பார்த்து, ஜனரஞ்சகமான பாட்டுகள் பல எழுதிப் பெயர் வாங்கியவர். கணிப்பொறியில் ஆடும் ஜப்பானியச் சதுரங்க விளையாட்டு ஒன்றைப் பற்றி எனிக்ஸ் கம்பெனிக்கு ஒரு கருத்துச் சீட்டு எழுதி அனுப்பினார். கம்பெனியார், இவர் அந்தச் சுகியாமாதானா என்று திகைத்துப் போய் அவரையே நாடி வந்தார்கள். 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' வெளியாயிற்று. குதிக்கும் சப்தத்துக்குக் குரலைக் கடன் கொடுத்த அதே பெட்டியில், ராஜசபைக்கு உரிய கம்பீரமான நடையை அவர் கொண்டுவந்து வைத்தார். 1987 ஆகஸ்டில், டோக்கியோவின் புகழ்பெற்ற ஸன்டோரி மண்டபத்தில் அந்தச் சங்கீதத்தை வைத்தே ஒரு கச்சேரி நடந்தது. வீடியோ விளையாட்டுச் சங்கீதத்துக்கென்று நடந்த முதல் கச்சேரி அதுவே என்பர்.

சுகியாமாவைப் பற்றி இத்துடன் நிறுத்திவிட்டால் நேயர்களுக்குப் பாதியைத்தான் சொன்னவனாவேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய ராணுவம் பெண்களைப் பலவந்தமாக இழுத்துச் சென்றதற்கு ஆதாரம் இல்லை என்று வாதாடி, 2007-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் வெளியாயிற்று. அதில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கொடுமைக்கு ஆளாகி உயிரோடிருந்த மூதாட்டிகள் அதைப் படிக்க நேர்ந்திருக்கும் என்று நினைக்கும்போது, அவருடைய இசை என் காதில் சற்று மங்கித்தான் போகிறது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் பல தேசத்து வீரர்கள் அணிவகுத்து நுழைந்தபோது, முதலில் முழங்கியது அவருடைய 'டிராகன் குவெஸ்ட்' முகப்பு இசைதான். இரண்டே மாதங்களில், தொண்ணூறாவது வயதில், அவர் காலமானார். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கையொப்பத்தையும் அழித்துவிட முடியாது.

நோபுவோ உவேமட்ஸு வேறு ரகம். 1959-இல் பிறந்த இவர் எந்தக் குருவிடமும் முறையாகக் கற்றவரல்லர். தாமே பியானோவைத் தட்டித் தட்டிப் பழகியவர். இசைத்தட்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்துக் கொண்டிருந்தபோது, ஸ்குவேர் கம்பெனியைச் சேர்ந்த ஒருவருடைய பழக்கத்தால் இந்தத் துறைக்கு வந்தார். 1987-இல் 'பைனல் பேண்டஸி'. அதன் ஆறாம் பாகம் 1994-இல் வந்தது. அதில் அவர் செய்த துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கதையின் நடுவே ஒரு நாடக சாலை; அங்கே ஒரு சங்கீத நாடகம். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிக்குப் பாட வராது! எட்டுக் குரல்கள், அவற்றுக்கு மொத்தம் அறுபத்து நான்கு கிலோபைட் இடம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். மனிதக் குரலை ஒத்த ஒரு ஒலியை மெட்டின்மேல் எழுப்பிவிட்டு, பாட்டின் அடிகளை எழுத்தாகத் திரையில் ஓடவிட்டார்கள். அது மட்டுமா? மேடை ஏறும் பெண் எந்த அடியைப் பாட வேண்டும் என்பதை ஆடுகிறவனே நினைவில் வைத்திருந்து சொல்ல வேண்டும்; தவறினால் நாடகம் நின்றுவிடும். பாட்டை மனப்பாடம் செய்யாத சிறுவனுக்கு மேலே வழி இல்லை. இருபது வருஷமாகச் செய்யுள் மனப்பாடப் பகுதியோடு போராடி வருகிற எனக்கு இதில் ஏற்பட்ட பொறாமையை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இப்படிப்பட்டவர்களின் பெயரை உலகம் உடனே அறிந்ததா என்றால், இல்லை. போட்டிக் கம்பெனிகள் நல்ல ஆட்களைக் கொத்திக் கொண்டு போய்விடும் என்ற பயத்தினால், அந்நாளில் பல கம்பெனிகள் உண்மைப் பெயரை வெளியிடுவதில்லை. 1987-இல் 'ராக்மேன்' என்ற விளையாட்டுக்கு இசை செய்த மனாமி மட்ஸுமாயே என்ற பெண்மணியின் பெயர், 'சன்சகோரின் மனாமி' என்று ஒரு வேடிக்கைப் பெயராகத் திரையில் வந்தது. கினுயோ யமாஷிதா என்ற இளம்பெண் 1986-இல் 'காஸில்வேனியா'வுக்குச் செய்த இசைக்கு 'ஜேம்ஸ் பனானா' என்று பெயர் போட்டார்கள். வாழைப்பழம்! பழைய பேய்ப் படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை வைத்துச் செய்த சிலேடையாம். நகைச்சுவை நன்றாக இருக்கலாம். ஆனால் தன் முதல் பெரிய படைப்பை ஊரெல்லாம் முனகுவதைக் கேட்டுக் கொண்டு, அது தன்னுடையது என்று காட்டப் பெயர் ஒன்று இல்லாமல் இருப்பது எப்படி இருந்திருக்கும்? நம் கோயில் சிற்பிகளும் பெயரைப் பொறிக்கவில்லையே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானம் முதலாளிகளுக்குத்தான் சௌகரியமானது.

இத்துறையின் தொடக்க காலத்தில் பெண்கள் பலர் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். யோகோ ஷிமோமுரா ஒஸாகா சங்கீதக் கல்லூரியில் பியானோ படித்துத் தேறி, 1988-இல் காப்காம் கம்பெனியில் சேர்ந்தார். விளையாட்டுக் கம்பெனியில் வேலை என்று கேட்டு, அவரைச் சேர்ந்தவர்களும் ஆசிரியர்களும் மனம் வருந்தினார்களாம். அந்த ஆசிரியர்களின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் தலையில் கை வைத்திருப்பேன். 1991-இல் 'ஸ்ட்ரீட் பைட்டர் II' வந்தது. பல தேசத்து மல்லர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெட்டு.

1995-இல் 'குரோனோ ட்ரிக்கர்' செய்த யஸுனோரி மிட்ஸுடாவின் கதை சற்று வேதனையானது. வெறும் சப்த வேலையே செய்து அலுத்துப்போய், இசையமைக்க விடாவிட்டால் வேலையை விடுவேன் என்று மேலதிகாரியிடம் சொன்னார், கேட்டது கிடைத்தது. இராப்பகலாக உழைத்து வயிற்றில் புண் வந்து படுத்துவிட்டார். மிச்சத்தை உவேமட்ஸு முடித்துக் கொடுத்தார்.

மரியாதை மெல்லத்தான் வந்தது. ஜப்பானுக்கு வெளியே இந்த இசைக்கென்று முதல் பெரிய வாத்திய கோஷ்டிக் கச்சேரி 2003-இல் ஜெர்மனியில், பாக் வாழ்ந்து மறைந்த லைப்ஸிக் நகரத்தில் நடந்தது. 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசம் பாதுகாத்து வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் ஜாபிதாவில் கோண்டோவின் மாரியோ மெட்டைச் சேர்த்தது. விளையாட்டுச் சங்கீதம் அதில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

அபிப்பிராயம் ஒன்று சொல்லி வசை வாங்கிக் கொள்கிறேன். பெரிய கோஷ்டிகள் வாசிக்கும் பதிவுகள் சிலவற்றையும் பையன் எனக்குக் கேட்கக் கொடுத்தான். பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு முழ வேட்டியில் லட்சணமாக இருந்த பிள்ளைக்குப் பட்டுப் பீதாம்பரமும் தலைப்பாகையும் சுற்றிவிட்டது போல் இருக்கிறது. மூன்று குரலுக்கென்று எழுதிய மெட்டில் மூன்று குரலுக்குமே வேலை இருந்தது. எண்பது பேர் வாசித்தால் அறுபது பேர் சும்மா துணைக்கு நிற்கிறார்கள். அவலட்சணமான சரக்கும் இத்துறையில் ஏராளம் என்பதை மறைப்பதற்கில்லை. நான் கேட்ட பல விளையாட்டுகளில் தகர டப்பாவைக் குலுக்கும் ஓசையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். ஹார்மோனியத்தை எடுத்து வைத்தேன். நீருக்கடியில் வரும் பாட்டு ஒருவாறு கைக்கு வந்துவிட்டது. மாரியோ மெட்டுத்தான் வழுக்கிக் கொண்டே போகிறது. அதில் ஓரிடத்தில் தைவதத்திலிருந்து ஏறிக் காகலி நிஷாதத்தைத் தொட்டு, உடனே கைசிகி நிஷாதத்தைத் தொட்டு, மறுபடி தைவதத்துக்கு இறங்க வேண்டும். அதுவும் நடுவில் தாளத்தைத் தட்டிவிட்டு. நான் மூன்று தடவை தவறினேன். "எழுந்து நில்லுங்கள் ஸார்" என்று சொல்லாமல், பையன் பெருந்தன்மையாக மறுபடியும் முதலிலிருந்து முனக ஆரம்பித்தான்.