குருமார் பேசட்டும், ஓட்டுக்குக் கணக்கு வேண்டும்

கராச்சர்மா –

வரி மசோதா வந்தால் நம் சட்டைப் பையைத் தொடும். கருக்கலைப்பு, கருணைக் கொலை போன்ற மசோதா வந்தால் பிரசவ அறையையும் மரணப் படுக்கையையும் தொடும். அப்படிப்பட்ட மசோதாவில் நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் யார் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடுகிறார்? டாக்டர் பேச்சையா, தொகுதி மக்கள் பேச்சையா, மத குருமார் பேச்சையா? இது லண்டன்காரர்களின் கவலை, தீவில் பிழைக்க வந்த நமக்கு என்ன என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் பக்கத்து நாட்டைப் பார்ப்போம். இலங்கையில் 1883ஆம் ஆண்டு வெள்ளைக்கார ஆட்சி எழுதிய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்தது. கற்பழிக்கப்பட்ட பெண்ணுக்கும் விலக்கு இல்லை. 1995இல் இதைத் தளர்த்தக் கொண்டுவந்த திருத்தம் பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2017இல் மந்திரிசபை மீண்டும் முயன்றது. கற்பழிப்பால் உண்டான கரு, பிழைக்க முடியாத ஊனத்தோடு வளரும் கரு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு என்பதே யோசனை. மகப்பேறு டாக்டர்கள் ஆதரித்தார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். யோசனை கிடப்பில் போடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017இல் எந்த உறுப்பினரும் எதிர்த்து ஓட்டுப் போட்டதாகக் கணக்கே இல்லை. மசோதா ஓட்டுக்கு வந்தால்தானே! கதவு திறப்பதற்கு முன்பே தாழ்ப்பாள் போட்டாயிற்று. தீர்மானித்தது யார் என்று ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண் கேட்டால், விரல் நீட்டிக் காட்ட ஆள் கிடையாது. கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட, தாயகம் திரும்பிய நம் குடும்பங்களுக்கு உறவு முறைப் பெண்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் விழும் சட்டம் அது.

நம் நாட்டிலும் இதே கதைதான் இருந்தது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டமும் தாயின் உயிரைக் காக்க என்ற ஒரே ஒரு வழியைத்தான் விட்டு வைத்தது. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைக் குழு கணக்கில் எடுத்தது. 1971இல் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2021இல் அது திருத்தப்பட்டு, கற்பழிக்கப்பட்டோர் போன்ற சில வகைப் பெண்களுக்குக் கால வரம்பு 20 வாரத்திலிருந்து 24 வாரம் ஆயிற்று. இரண்டும் ஒரே எஜமானன் எழுதிய சட்டங்கள். நாம் மாற்றினோம், அவர்களால் முடியவில்லை.

அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இரு சபைகளிலும் குரல் ஓட்டில்தான் நிறைவேறியது. ‘ஆம்’ என்று சத்தம் போட்டவர் யார், ‘இல்லை’ என்று முனகியவர் யார், வாயே திறக்காதவர் யார் என்று நமக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். ஆகவே இங்கே மத குருமார் தனித்தனி உறுப்பினரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கட்சித் தலைவர் ஒருவர் காதில் போட்டால் போதும்.

பிரிட்டனைப் பாருங்கள். தீராத நோயாளி தானே உயிரை முடித்துக்கொள்ள டாக்டர் உதவலாம் என்ற மசோதா 2024 நவம்பர் 29 அன்று காமன்ஸ் சபையில் ஓட்டுக்கு வந்தது. கட்சிக் கட்டுப்பாடு இல்லை, மனச்சாட்சிப்படி ஓட்டு. கத்தோலிக்கக் கர்தினால் நிக்கல்ஸ், உங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள் என்று சபை மக்களைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். 330க்கு 275 என்று மசோதா அந்தக் கட்டத்தைத் தாண்டியது. 2025 ஜூன் 20 அன்று நடந்த அடுத்த ஓட்டெடுப்பில் 314க்கு 291 என வித்தியாசம் குறைந்தது. யார் எப்படி ஓட்டளித்தார் என்பது பெயர்வாரியாக வெளியிடப்பட்டது. கர்தினால் பேசினார், அது ஊருக்குத் தெரியும். உறுப்பினர் ஓட்டளித்தார், அதுவும் ஊருக்குத் தெரியும். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

குருமார் வாயைக் கட்ட வேண்டும் என்பது என் வாதமல்ல. உயிர் பெரிது என்று சொல்ல ஆயருக்கும் உரிமை உண்டு, மௌலவிக்கும் உண்டு, மடாதிபதிக்கும் உண்டு. அநாதைப் பிள்ளைகளையும் முதியோரையும் தாங்குகிறவர்கள் அவர்களில் பலர். கருணைக் கொலை என்ற பெயரில் ஏழைக் கிழவனைத் தள்ளிவிடுவார்களோ என்ற அவர்களின் அச்சம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. நானும் அந்த அச்சத்தில் பங்குள்ளவன்தான்.

ஆனால் எடுத்துச் சொல்வது வேறு, மிரட்டுவது வேறு. 2022இல் அமெரிக்காவில், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்ததற்காகச் சபாநாயகர் நான்சி பெலோசிக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ பேராயர் தடை போட்டார். நம் நாட்டு 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு என்ன சொல்கிறது? இன்னாருக்கு ஓட்டுப் போட்டால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று வாக்காளனைப் பயமுறுத்துவது தேர்தல் முறைகேடு என்கிறது. சாவடியில் நிற்கும் கூலித் தொழிலாளியை இப்படி மிரட்டக் கூடாதாம். அவன் அனுப்பிவைத்த உறுப்பினரைச் சபையில் ஓட்டுப் போடும்போது மிரட்டினால், அந்தப் பிரிவு எட்டிப் பார்ப்பதில்லை. இது என்ன நியாயம்?

நம் தீவுகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். நமக்குச் சட்டசபை கிடையாது. ராஜ்யசபையிலும் இடம் கிடையாது. 1967 வரை நம் உறுப்பினரை ஜனாதிபதிதான் நியமித்தார். அதன் பிறகுதான் நாமே தேர்ந்தெடுக்கிறோம். அத்தனை தீவுக்கும் அந்த ஒருவர்தான் வாய். சட்டம் வாரக் கணக்குப் போடுகிறது; கேம்பல் பேயில் இருக்கும் பெண் கப்பல் கணக்குப் போடுகிறாள். கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளிப்போனால், ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் கெடு முடிந்துவிடலாம். இந்தக் கஷ்டம் டெல்லியில் உள்ள எந்தக் குருவுக்கும் தெரிய நியாயமில்லை. நம் உறுப்பினருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. உயிர், மரணம் பற்றிய மசோதாக்களில் கட்சிகள் கொறடா உத்தரவு போடாமல் இருக்கட்டும். குரல் ஓட்டு வேண்டாம். பெயர்வாரி ஓட்டெடுப்பு கேட்க சபை விதியில் வழி இருக்கிறது, அதைக் கேட்கட்டும். எந்தக் குருவைச் சந்தித்தாலும், யார் சொல்லை ஏற்றாலும், காரணத்தை உறுப்பினர் தொகுதி மக்களிடம் சொல்லட்டும். ‘என் மதம் சொல்கிறது’ என்பது அவர் மனச்சாட்சிக்குப் போதும். அந்த மதத்தைச் சேராத வாக்காளனுக்கு அது பதில் ஆகாது.

கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோவிலுக்கும் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஒரே ஓர் உறுப்பினரை அனுப்புகிறோம். அவர் யாரிடம் ஆசீர்வாதம் வாங்கினாலும் சரி. கணக்கு நம்மிடம்தான் ஒப்புவிக்க வேண்டும்.