அட்மிரல் என்று சொல்லக் கூசும் வாய்கள்

எங்கள் வங்கிக் கிளைக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வந்த அன்று டீ நேரத்தில் ஒருத்தர் சொன்னார்: "கோட்டாவுல வந்தவங்கள மேனேஜராப் போட்டா கப்பல் கவுந்துரும் சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லல" என்று சிரித்தார். நான் கிளார்க். என்னைச் சொல்ல என்ன இருக்கிறது? கேஷ் கட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கப்பல் மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. கவிழாத ஒரு கப்பலின் கதையை அந்த ஆளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பிரயோசனம் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன் தோழர்களே, ஏன் என்றால் உங்கள் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு.

1910 நவம்பர். பிரேசிலின் அன்றைய தலைநகரம் ரியோ டி ஜெனீரோ. விரிகுடாவில் நிற்கிறது மினாஸ் ஜெராய்ஸ் என்கிற போர்க்கப்பல். இங்கிலாந்தில் நியூகாசிலில் கட்டி, அந்த வருசம்தான் கடற்படையில் சேர்த்தது. 12 அங்குலப் பீரங்கிகள் மட்டும் 12. அதற்கு ஈடான கப்பல் அன்று உலகத்தில் சில நாடுகளிடம்தான் இருந்தது. அப்பேர்ப்பட்ட நவீனக் கப்பலின் தளத்தில் மார்செலினோ ரோட்ரிகஸ் மெனசிஸ் என்ற மாலுமிக்கு 250 சவுக்கடி கொடுத்தார்கள். மற்ற மாலுமிகளை வரிசையாக நிற்கவைத்து, முரசு கொட்டி அடித்தார்கள். மயங்கி விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை.

பிரேசிலில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1888 மே 13-இல். 1889-இல் குடியரசு வந்தது. வந்த மறுநாளே கடற்படையில் சவுக்கடியை ரத்து செய்தார்கள். 1890-இல் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் கறுப்பர்கள், கலப்பினத்தவர்கள், அடிமைகளின் பிள்ளைகள். தெருவில் திரிகிறான் என்று போலீஸ் பிடித்துக் கொடுத்த பையன்கள் எத்தனையோ. அதிகாரிகளோ வெள்ளைப் பெருங்குடும்பத்து மைந்தர்கள். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் என்ன என்று தாத்தாவிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம்.

நவம்பர் 22 இரவு மாலுமிகள் எழுந்தார்கள். கப்பல் தலைவன் பட்டிஸ்டா தாஸ் நெவிஸ் செத்தான். வேறு சில அதிகாரிகளும் மாலுமிகளும் செத்தார்கள். நகரத்துக் குன்றில் விழுந்த குண்டில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ரத்தம் படாத கலகம் என்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. மினாஸ் ஜெராய்ஸ், சாவோ பாலோ, பஹியா, டியோடோரோ என்று நாலு கப்பல்கள், இரண்டாயிரம் பேருக்கு மேல். தலைமை ஜோவாவ் கான்டிடோ. 1880-இல் தெற்குக் கோடி மாகாணமான ரியோ கிராண்டி டோ சுல்லில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்தவர்கள். சின்னப் பையனாகக் கடற்படையில் சேர்ந்து சுக்கான் பிடிக்கக் கற்றவர்.

விடிந்ததும் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. செங்கொடி ஏற்றிய ராட்சசக் கப்பல்கள் விரிகுடாவுக்குள்ளும் வெளியிலுமாக அணி பிசகாமல் திரும்பின, வளைந்தன, ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. அதிகாரி எவனும் இல்லை. எந்திர அறையில் இங்கிலாந்துப் பொறியாளர்கள் சிலர் இருந்தார்களே என்று யாராவது இழுப்பார்கள். இருந்தார்கள். அதிகாரிகள் நடத்தியபோதும் அதே ஆட்கள் இருந்தார்கள். அப்போது மட்டும் அதற்குப் பேர் திறமை!

பேச்சுவார்த்தைக்குப் போன நாடாளுமன்ற உறுப்பினர் கர்வால்யோ, முன்னாள் கடற்படைக்காரர். மார்செலினோவின் முதுகைக் காட்டினார்கள். உப்புப் போடக் கீறிய மீன் மாதிரி இருந்தது என்று அவரே சபையில் சொன்னார். இன்னொன்றும் பார்த்தார்: கப்பலின் காசுப்பெட்டிக்கு மாலுமிகளே ஆயுதக் காவல் போட்டிருந்தார்கள். என் பிழைப்பு அப்படி, படித்தபோது இந்த இடத்தில்தான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

ஜனாதிபதி எர்மெஸ் ட ஃபொன்சேகா பதவியேற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மாலுமிகள் எழுதிய கடிதம் கெஞ்சல் இல்லை. நாங்கள் இந்த நாட்டின் குடிமக்கள், இந்த அடிமைத்தனம் இனி ஆகாது, 12 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்கிறது. சவுக்கை ஒழி, கூலியைக் கூட்டு, தகுதியில்லாத அதிகாரிகளை அகற்று. ஆமாம், தகுதி என்ற சொல்லை அவர்கள் மேலே பார்த்து வீசினார்கள். கற்றுக்கொள்ளாத மாலுமிகளுக்குக் கல்வி கொடு என்பதும் அதில் இருக்கிறது. நகரத்தையே குறிவைத்த பீரங்கிகளின் பின்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறார்கள்!

செனட்டில் ரூயி பார்போசா போன்றவர்கள் மன்னிப்புக்கு ஆதரவாகப் பேசினார்கள். நவம்பர் 25-இல் பொது மன்னிப்பு. மறுநாள் மாலுமிகள் கப்பல்களை ஒப்படைத்தார்கள். 28-ஆம் தேதியே மாலுமிகளை இஷ்டம் போல வேலையை விட்டு நீக்க அரசாணை வந்துவிட்டது. டிசம்பரில் பாம்புத் தீவிலிருந்த கடற்படைக் காலாட்படையில் இன்னொரு கலகம் வெடித்தது. அதை நசுக்கினார்கள். அந்தச் சாக்கில் ஜோவாவ் கான்டிடோவையும் பிடித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அந்தத் தீவின் நிலவறை ஒன்றில் 18 பேர். தரையைக் கழுவச் சுண்ணாம்பு கலந்த தண்ணீர். தண்ணீர் வற்ற வற்றச் சுண்ணாம்பு கிளம்பி மூச்சை அடைத்தது. சாவியைத் தளபதி எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவைத் திறந்தபோது 16 பிணங்கள். உயிரோடிருந்த இரண்டு பேரில் ஒருவர் ஜோவாவ் கான்டிடோ. கடற்படை மருத்துவர் எழுதிக் கொடுத்த மரணக் காரணம் வெயில் தாக்குதல். நிலவறைக்குள் வெயில்! தளபதி மீது நடந்த விசாரணையில் அவன் குற்றமற்றவன் என்றார்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளை சேட்டலைட் என்ற கப்பலில் ஏற்றி அமேசான் காட்டுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே சிலரைச் சுட்டுக் கடலில் போட்டார்கள். ஜோவாவ் கான்டிடோவைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1912-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. கடற்படை விரட்டியது. அந்த மனிதர் ரியோ துறைமுகத்து மீன் சந்தையில் கூடை இறக்கிப் பிழைத்தார். 1969 டிசம்பர் 6-இல், 89 வயதில் செத்தார்.

அவரைச் சாமியாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. 1930-களில் இன்டெக்ரலிஸ்டுகள் என்ற வலதுசாரிப் பாசிசக் கட்சியில் சேர்ந்திருந்தார். வயதான காலத்தில் பேட்டியில் அதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டார். அந்தத் தவறு அவருடையது, நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நவம்பர் 22 அதனால் அழிந்துவிடாது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். அந்த நாட்களில் பத்திரிகைகள் அவரைக் கறுப்பு அட்மிரல் என்று எழுதின. 1970-களில், ராணுவ ஆட்சியில், ஜோவாவ் போஸ்கோவும் ஆல்டிர் பிளாங்கும் அவரைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். தணிக்கைக்காரன் அட்மிரல் என்ற சொல்லை எடுக்கவைத்தான். 2008-இல் இறந்துபோனவருக்கு மன்னிப்புச் சட்டம் போட்டார்கள். பதவி உயர்வும் ஓய்வூதியமும் தரும் பிரிவை மட்டும் ஜனாதிபதி லூலா வெட்டிவிட்டார். தொழிலாளர் கட்சி ஜனாதிபதி! 2024-இல் அவர் பெயரை நாட்டின் வீரர்கள் ஏட்டில் சேர்க்கும் மசோதாவைக் கடற்படைத் தளபதி எழுத்து மூலமாகவே எதிர்த்தார். அந்தக் கலகம் தேசத்தின் வருந்தத்தக்க பக்கமாம். கீறிய முதுகைக் காட்டினால் இரக்கப்பட ஆயிரம் பேர் வருவான். அந்த முதுகுக்காரன் கப்பலை நடத்தினான், நன்றாக நடத்தினான் என்று சொல்லிப் பார், ஒருத்தன் வாயும் திறக்காது.

நம்ம வாயும்தான். தோழர்களே, பொட்டெம்கின் படத்தை எத்தனை தடவை போட்டிருப்பீர்கள்? மாணவர் விடுதியில், தொழிற்சங்க ஆபீசில், கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டி. நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தவன், படிக்கட்டில் உருளும் அந்தக் குழந்தை வண்டிக்கு அழுதவன். 1905-இல் ருஷ்ய மாலுமிகள் எழுந்ததை ஐசன்ஸ்டைன் 1925-இல் படமாக்கினார், அது உங்களுக்குப் பாடமாயிற்று. ஐந்தே வருசம் கழித்து அடிமைகளின் பிள்ளைகள் அதைவிடப் பெரிய கப்பல்களைப் பிடித்து, சவுக்கை எதிர்த்து நின்றார்கள். அது உங்கள் வகுப்பு எதிலும் வரவில்லை. வர்க்கம் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் தோல் நிறம் மறைந்துபோகிற வித்தையை இங்கேயும் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

சிறையில் இருந்தபோது ஜோவாவ் கான்டிடோ துணியில் பூத்தையல் போட்டார். ஒன்றில் நங்கூரம், கைகுலுக்கும் இரண்டு கைகள், ஒழுங்கு, விடுதலை என்று இரண்டு சொற்கள், 1910 நவம்பர் 22 என்ற தேதி. சாவோ ஜோவாவ் டெல் ரெய் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் அந்தத் துணி இருக்கிறது. 16 பேர் மூச்சுத் திணறிச் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த கை அது.

அடுத்த தடவை பொட்டெம்கின் போடும்போது நோட்டீசில் அந்தத் தேதியையும் அந்தப் பேரையும் சேர்த்து அடியுங்கள். பேருக்கு முன்னால் அட்மிரல் என்று போடுங்கள். அச்சுக் கூலி என் பொறுப்பு.