வீதி மீண்டது, மக்கள் மீண்டனரா?

பாழ்பட்ட வீதி மீண்டும் ஒளி பெறுவது எவர்க்கும் மகிழ்ச்சியே. ஆயின், அவ்வொளி யாருக்கு என்னும் வினாவை எழுப்பாதிருத்தல் முறையன்று. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் 'யூ' வீதி நம்மை இவ்வாறு எண்ணத் தூண்டுகிறது.

நிறவேற்றுமை கோலோச்சிய நாளில், வெள்ளையரின் அரங்குகளும் உணவகங்களும் கறுப்பின மக்களுக்குக் கதவடைத்தன. அம்மக்களின் கலையும் வணிகமும் 'யூ' வீதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தழைத்தன. 1910இல் ஹோவர்டு அரங்கும் 1922இல் லிங்கன் அரங்கும் எழுந்தன. ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டன் வளர்ந்ததும் இப்பகுதியிலேயே. 1958இல், டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளியினரான பென் அலியும் அவர்தம் துணைவியார் வர்ஜீனியாவும் இங்கே 'பென்ஸ் சில்லி பவுல்' என்னும் உணவகத்தைத் தொடங்கினர்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சினமும் துயரமும் கலவரமாய் வெடித்தன, கடைகள் எரிந்தன. ஊரடங்கு வேளையிலும் அலி தம்பதியர் அடுப்பை அணைக்கவில்லை. காவலர்க்கும் போராளிகட்கும் உணவளித்தனர். பின்னர் வணிகர் பலர் வெளியேறினர், போதைப்பொருள் புகுந்தது, சுரங்க இரயில் பாதைக்காக வீதியே தோண்டப்பட்டது. அப்போதும் அக்கடை நிலைத்தது.

1991இல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1994இல் லிங்கன் அரங்கும் 2012இல் ஹோவர்டு அரங்கும் புத்துயிர் பெற்றன. புதிய உணவகங்களும் அடுக்குமாடிகளும் பெருகின. கூடவே வாடகையும் உயர்ந்தது. 1970இல் அந்நகர மக்களில் 71 விழுக்காட்டினராயிருந்த கறுப்பினத்தார், 2020இல் ஏறத்தாழ 41 விழுக்காடாயினர்.

விலையேற்றம் சந்தையின் இயல்பு என்பார் உளர். அவ்விரயில் பாதை பொதுமக்களின் வரிப்பணத்தால் அமைந்ததன்றோ? பொதுப்பணத்தால் உயர்ந்த நிலமதிப்பின் பயன் நிலவுடைமையாளர்க்கு மட்டுமே உரித்தாதல் எங்ஙனம் நீதியாகும்? வீதியைச் சீரமைக்கும் முன்னரே, அங்கு வாழ்வோர்க்குத் தாங்கத்தக்க வாடகையில் வீடும், பழங்கடைகட்குக் குடியிருப்புப் பாதுகாப்பும் சட்டத்தால் உறுதி செய்யப்படல் வேண்டும் என்பதே நம் கருத்து.

வருங்காலத்தில் நகரங்களைத் திட்டமிடும் பொறுப்பு இன்றைய மாணவர் கைகளுக்கு வரும். அந்நாளில், வரைபடத்தில் கட்டடங்களைக் குறிக்குமுன், இருண்ட நாளில் அங்கே விளக்கேற்றி வைத்திருந்தவர் யாவர் என அவர்கள் கேட்டறிவாராக!