ஸ்லீப் 30 போட்டா சரியாயிடுமா?

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில கரண்ட் போய் வருதுன்னு வைங்க. லினக்ஸ் சர்வர் எழுந்துடும், விபிஎன் எழாது. திட்டு மட்டும் நைட் ஷிப்ட் கான்ட்ராக்ட் பையனுக்கு! கையால ஸ்டார்ட் பண்ணினா ஓடுதே, அப்புறம் அவன் என்ன தப்பு பண்ணான்?

ஐபி நிலையா இருந்தா, கேபிள்ல உயிர் வந்ததுமே சிஸ்டம்டி 'நெட்வொர்க்-ஆன்லைன்'னு சொல்லிடும். ரவுட்டரோ இன்னும் கொட்டாவி விட்டுட்டிருக்கும். வயர்கார்ட் சர்வர் பேரை டிஎன்எஸ்-ல தேடி, கிடைக்கலைன்னா கைவிட்டுடலாம். சர்வீசை மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி யாரும் எழுதி வைக்கலையே!

பெரிய அட்மின்கள் 'ஸ்லீப் 30' போட்டுட்டு கிளம்பிடறாங்க. ரவுட்டருக்கு ரெண்டு நிமிஷம் ஆனா? 2019-ல வந்த சிஸ்டம்டி 244-லேர்ந்தே இந்த மாதிரி சர்வீசுக்கும் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்' போடலாம். கூடவே 'ரீஸ்டார்ட்செக்=30'. ரெண்டே வரி. அதை எழுத சோம்பல், பையனை எழுப்ப மட்டும் போன் இருக்கு.